நீலத் தடம் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல

பொங்கல் முடிந்து மாசி பிறப்பதற்குள் பெரம்பூரில் உள்ள என் சிகிச்சைக்கூடத்துக்கு ஒரு வகை நோயாளிகள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். வியாசர்பாடி, கொடுங்கையூர், புளியந்தோப்பு வீட்டுப் பிள்ளைகள். வேலை மூனிக்கிலோ டொரண்டோவிலோ கால்கரியிலோ. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதே மணிக்கட்டில் மாவுக்கட்டு இருக்கும், அல்லது கணுக்கால் வீங்கியிருக்கும். வட சென்னையில் பிசியோதெரபி பார்ப்பவருக்குக் கால்பந்து முழங்காலும் குத்துச்சண்டைத் தோள்பட்டையும் அன்றாடம் பழகியவை. இப்போது ஒரே பலகையில் இரு கால்களையும் பொருத்திப் பனிச்சரிவில் வழுக்கி இறங்கும் ஸ்னோபோர்டும் சேர்ந்துகொண்டது. கடைசியாக வந்த இளைஞரைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் ஜெர்மனியில் முதுகலை படித்தபோது ஸ்னோபோர்டு கற்றுக்கொண்டவர். பலகையை விளிம்பில் சாய்த்து வளைந்து வளைந்து ஓட்டும் கார்விங் என்றால் உயிர். நன்றாகவே ஓட்டுவார், காணொளிகளைக் காட்டினார். வேலை கிடைத்துக் கனடாவின் கால்கரிக்குக் குடிபெயர்ந்தார். போன முதல் சனிக்கிழமையே ராக்கி மலைத்தொடரில் பெயர்பெற்ற பெரிய மலையொன்றைத் தேர்ந்தெடுத்தார். பனிச்சரிவுத் தடங்கள் எவ்வளவு கடினம் என்பதை நிறத்தால் காட்டுவார்கள். தட வரைபடத்தில் நீல நிறத்தைப் பார்த்து, "எளிதான தடம்தானே, உடம்பைச் சூடேற்றிக்கொள்ளலாம்" என்று இறங்கியிருக்கிறார். அங்குதான் விழுந்தார்.

நீலம் என்றால் எளிது என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அது உண்மை. அங்கே நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். ஜெர்மன் தரவரையறையில் நீலத் தடத்தின் சரிவு, சில குறுகிய இடங்கள் நீங்கலாக, 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; சிவப்பு 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிரான்சில் நீலத்துக்கும் கீழே பச்சை ஒன்று உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் பச்சை வட்டம்தான் எளிது. நீலச் சதுரம் நடுத்தரம். அதாவது அங்கே நீலம் என்பது ஏறக்குறைய ஐரோப்பாவின் சிவப்பு. சிவப்பு என்ற நிறமே அங்கே இல்லாததால் வரைபடத்தைப் பார்ப்பவருக்குச் சந்தேகம் எழுவதில்லை. ஜப்பானுக்குப் போனால் பச்சை, சிவப்பு, கறுப்பு என்று வேறொரு வரிசை.

இதையும் சேர்த்துக் கேளுங்கள். வட அமெரிக்காவில் இந்த நிறம் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டுப் போடப்படுவது. ஒரு சிறிய குன்றில் கடினம் என்று கறுப்பு வைரக் குறி போட்ட தடம், ராக்கி மலையில் நீலமாக இருக்கலாம். ஆகவே கனடாவுக்குள்ளேயே ஊர் மாறினால்கூடப் பழைய நிறத்தைக் கையோடு கொண்டுபோக முடியாது. எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் அந்தப் பனிச்சறுக்கு மையத்தின் ஆக எளிய தடத்தில் தொடங்குங்கள். இதில் கௌரவம் பார்க்காதீர்கள். கட்டுப் போட்ட காலோடு விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வரும்போது எந்தக் கௌரவமும் மிஞ்சுவதில்லை.

அடுத்து, பெரிய மலைதான் நல்ல மலை என்ற நம்பிக்கை. எத்தனை மீட்டர் உயரம், எத்தனை தடம், சரிவின் மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்ட் எத்தனை என்று விளம்பரம் சொல்வதை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். கார்விங்குக்கு இந்தக் கணக்கு ஒன்றும் உதவாது. பலகையைப் பக்கவாட்டில் வழுக்கவிடாமல் விளிம்பில் சாய்த்து, அந்த விளிம்பின் வளைவே திருப்பத்தை வரையும்படி விடுவதுதான் கார்விங். பனியில் மெல்லிய ஒரு கோடு மட்டும் மிஞ்ச வேண்டும். வழுக்கல் இல்லையென்றால் பிரேக்கும் இல்லை. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் திருப்பத்தைக் குறுக்காக முழுமையாக முடித்தாக வேண்டும். அதற்கு முதலில் அகலம் வேண்டும். பிறகு ஒரே சீரான மிதமான சரிவு வேண்டும். இரவில் வண்டி ஓட்டிச் சீவிச் சமன்செய்த, விளிம்பு பிடிக்கும் அளவுக்கு இறுகிய பனி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட்டம் குறைவாக இருக்க வேண்டும். இந்த நான்கும் கிடைக்கும் இடம் பெரும்பாலும் வீட்டுக்கு அருகிலுள்ள, யாரும் படம் எடுத்துப் போடாத குன்றாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் பக் ஹில் என்று ஒரு குன்று. அடிவாரத்திலிருந்து உச்சி நூறு மீட்டர்கூடக் கிடையாது. 2010 குளிர்கால ஒலிம்பிக்கில் மலையிறக்கப் பனிச்சறுக்கில் தங்கம் வென்ற லிண்ட்சி வான் சிறுமியாகப் பயிற்சி பெற்றது அங்கேதான். அவர் ஓட்டியது காலுக்கொரு பலகை கட்டும் ஸ்கீதான், ஸ்னோபோர்டு இல்லை. ஆனாலும் விளிம்பைப் பழக்குவதற்கு ஆயிரம் மீட்டர் உயரம் தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நான் சொல்லும் இளைஞரின் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், கால்கரி நகரத்துக்குள்ளேயே, 1988 ஒலிம்பிக்குக்குப் பயன்பட்ட கனடா ஒலிம்பிக் பூங்கா இருக்கிறது. உயரம் சொற்பம். ஆனால் வேலை முடிந்த மாலையில் விளக்கொளியில் ஓட்டலாம். டொரண்டோவில் இருப்பவர்களுக்குச் சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் காலிங்வுட் அருகே புளூ மவுண்டன். மூனிக்கில் இருப்பவர்கள் ரயிலேறி லெங்ரீஸ் போனால் பிராவுனெக். துபாய்த் தமிழர்களுக்கு 2005-இல் திறந்த உள்ளரங்கச் சரிவு உண்டு. நீளமான தடமே 400 மீட்டர்தான் என்றாலும் அடிப்படையைப் பழக அது போதும். மாறாக, ஜப்பானின் நிசெகோ மாதிரி ஆழமான புதுப்பனிக்குப் பெயர்போன இடங்களின் புகழ் கார்விங்குக்கு உரியதே அல்ல. முழங்கால் ஆழப் பனியில் விளிம்பு எதைப் பிடிக்கும்?

புதிய ஊரில் ஒரு மையத்தை முடிவுசெய்யும் முன் அதன் இணையதளத்தில் அன்றன்று சீவிய தடங்களின் பட்டியலைப் பாருங்கள். நேரலைக் கேமரா இருந்தால் சனிக்கிழமை பதினொரு மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று பாருங்கள். சரிவு எந்தத் திசை நோக்கியது என்றும் கவனியுங்கள். தெற்கு நோக்கிய சரிவு வெயிலில் இளகி, நிழல் விழுந்ததும் கண்ணாடியாக உறைந்துவிடும். வடக்கு நோக்கியது சீராக நிற்கும். சீசன் டிக்கெட்டை முதல் வாரமே வாங்க வேண்டாம். ஒருநாள் டிக்கெட்டில் போய், காலையில் லிஃப்ட் திறக்கும் நேரத்தில் ஏறி, கூட்டம் சேர்ந்ததும் இறங்கிவிடுங்கள்.

"பனிதானே மேடம், மெத்தென்று இருக்கும், விழுந்தால் என்ன?" என்று கேட்கும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். கார்விங்குக்கு ஏற்ற பனி என்றாலே இறுகிய பனிதான். அதில் விழுவது காசிமேட்டில் மீனுக்கு உடைக்கும் ஐஸ் பாளத்தின்மேல் விழுவதற்குச் சமம். புதிதாகப் பழகுபவர்கள் கையை நீட்டி ஊன்றுகிறார்கள், மணிக்கட்டு போகிறது. மணிக்கட்டுக் காப்பு போடுங்கள், ஹெல்மெட் போடுங்கள், விழும்போது விரல்களை மடக்கி முன்கையால் விழப் பழகுங்கள். பலகைக்கு ஆயிரம் டாலர் கொடுப்பவர் காப்புக்குக் கணக்குப் பார்ப்பது எனக்குப் புரிவதே இல்லை.

கூட்டத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஸ்னோபோர்டில் பக்கவாட்டில் நிற்கிறீர்கள். குதிகால் பக்கம் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. கார்விங்கில் தடத்தின் முழு அகலத்தையும் கடக்கிறீர்கள். மேலிருந்து நேராக இறங்குபவர் உங்கள் வளைவை எதிர்பார்த்திருக்க மாட்டார். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் விதிப்படி பின்னால், அதாவது மேலிருந்து வருபவர்தான் கீழே இருப்பவருக்கு இடையூறில்லாத வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் சரிவில் மேல்நோக்கி நகர்பவர் மேலும் கீழும் பார்த்தாக வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. வளைவை மேல்நோக்கி முடிப்பவர்கள் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பெரிய திருப்பத்துக்கும் முன் தோளுக்கு மேல் ஒரு பார்வை, அவ்வளவுதான் கேட்கிறேன்.

இனி அந்த இளைஞரின் கணுக்கால். விழுந்த அன்றே எக்ஸ்ரே எடுத்து, முறிவு தெரியவில்லை, சுளுக்கு என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரம் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார். ஊருக்கு வந்ததும் அவருடைய அம்மா எண்ணெய்க் கட்டுக் கட்டும் இடத்துக்கு அழைத்துப் போனார். அதற்கும் பிறகுதான் என்னிடம் வந்தார். வெளிப்பக்கக் கணுவெலும்பின் முனைக்குச் சற்றுக் கீழே, சற்று முன்னால் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன், சி.டி. ஸ்கேனில் கணுக்கால் மூட்டிலுள்ள டேலஸ் எலும்பின் வெளிப்புறத் துருத்தல் உடைந்திருந்தது. ஸ்னோபோர்டு ஓட்டுபவர்களிடம் அதிகம் காணப்படுவதால் மருத்துவர்கள் இதை அந்த விளையாட்டின் பெயராலேயே அழைக்கிறார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடும். தாமதித்தால் மூட்டுத் தேய்மானம் வரை போகும்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை "சுளுக்குதான் அம்மா" என்று தொலைபேசியில் சொன்னால் எந்த இடத்தில் வலி என்று கேளுங்கள். மேலே சொன்ன இடம் என்றால், ஸ்னோபோர்டில் விழுந்ததை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லி, சி.டி. ஸ்கேன் தேவையா என்று அங்கேயே கேட்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் காலை ஊன்றக் கூடாது. எண்ணெயும் வேண்டாம், உருவிவிடவும் வேண்டாம். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். புதிதாக மாவுக்கட்டு போட்ட உடனே நீண்ட விமானப் பயணமும் கூடாது. உள்ளே வீங்கினால் கட்டு இறுக்கும், இரத்தக்கட்டி அபாயமும் உண்டு. இங்கிருந்து எடுத்துச் செல்லும் பயணக் காப்பீடுகள் பலவற்றில் பனிச்சறுக்கு விலக்கப்பட்டிருக்கும். மலைக்குக் கிளம்பும் முன்பே பாலிசியை எடுத்துப் படியுங்கள். ஊருக்கு வரும்போது எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைக் குறுந்தகட்டில் கேட்டு வாங்கி வாருங்கள். வெறும் அறிக்கைத் தாளை வைத்துக்கொண்டு என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது, எந்த எலும்பு மருத்துவராலும் முடியாது.