எந்தக் குழந்தைக்கு ஆம்புலன்ஸ் வேண்டும்?

நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இரண்டு வயதுச் சிறுமி. அம்மாவின் தோளில் இருந்தபடியே என் ஸ்டெதாஸ்கோப்பை எட்டிப் பிடித்து இழுத்தாள். காய்ச்சல் 103 டிகிரி ஃபாரன்ஹீட். ஆனால் மூச்சு சீராக இருந்தது. வழியில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருந்தாள். "காய்ச்சல் மருந்து கொடுத்தீர்களா?" என்றேன். "காய்ச்சல் இறங்கிவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்? அதனால் கொடுக்கவில்லை" என்றார் அப்பா.

இந்தப் பதிலை எத்தனையோ பெற்றோரிடம் கேட்டிருக்கிறேன். எடைக்கு ஏற்ற அளவு பாராசிட்டமால் கொடுத்துவிட்டே வாருங்கள். வீட்டில் அளந்த காய்ச்சலின் அளவைச் சொன்னால் நாங்கள் நம்புவோம். எண்ணைவிட, குழந்தை எப்படி இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

ஆம்புலன்ஸில் வந்தால் உடனே பார்ப்பார்கள் என்றும் பலர் நினைக்கிறார்கள். அவசரப் பிரிவில் வரிசையைத் தீர்மானிப்பது குழந்தையின் நிலைமை. வந்த வண்டி அல்ல. இரண்டு நாள் சளிக்கும் முழங்கால் சிராய்ப்புக்கும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, இன்னொரு வீட்டில் தொண்டையில் ஏதோ அடைத்து ஒரு குழந்தை நீலம் பாய்ந்து கிடக்கலாம். குழந்தைகளுக்கு இதயம் நிற்பது பெரும்பாலும் மூச்சு தடைப்பட்டதன் தொடர்ச்சியாகத்தான். ஆக்சிஜன் இல்லாமல் சில நிமிடங்கள் கடந்தாலே மூளை பாதிக்கப்படும். அந்த வீட்டுக்குத் தொலைவிலிருந்து வேறு வண்டி வர வேண்டியிருக்கும்.

இதைவிட என்னை வருத்துவது, அழைக்க வேண்டியவர்கள் அழைக்காமல் விடுவது. வலிப்பு நிற்காத குழந்தையைக் காரின் பின்னிருக்கையில் மடியில் கிடத்திக்கொண்டு வருகிறார்கள். ஆக்சிஜனும், வலிப்பை நிறுத்தும் மருந்தும், அதைக் கொடுக்கத் தெரிந்தவரும் ஆம்புலன்ஸில்தான் இருப்பார்கள்.

காய்ச்சல் வலிப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 100க்கு 2 முதல் 5 பேருக்கு வரக்கூடியது. பார்க்கவே நடுக்கமாக இருக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, முதல்முறை வந்தாலோ, நின்றபின்னும் குழந்தை தெளியாவிட்டாலோ தயங்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளே இழுபடுவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடு நீலமாவது, எழுப்பினாலும் எழாதது ஆகியவற்றுக்கும் அப்படியே.

இரண்டு விஷயங்களில் குழந்தையின் சிரிப்பை நம்பி இருந்துவிடக் கூடாது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி இருந்தாலே, எந்த நேரமானாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும். மூச்சும் நினைவும் நன்றாக இருந்தால் சொந்த வண்டியே போதும். பொம்மை, கைக்கடிகாரம் போன்றவற்றில் இருக்கும் வட்டமான சிறு பொத்தான் பேட்டரியை விழுங்கியிருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்; உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அது திசுவை அரிக்கத் தொடங்கிவிடும்.

சந்தேகமாக இருக்கும்போது அழைத்த பெற்றோரை நான் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. பயம் இயல்பு. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் அந்தப் பயம் பாதியாகக் குறைகிறது.

அன்று அந்த அப்பா, "அடுத்த முறை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டார். சிறுமியின் சட்டையை உயர்த்தி, அவள் அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணச் சொன்னேன். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40ஐத் தொட்டால் வேகமான மூச்சு. ஒரு வயதுக்குக் கீழே 50. இரண்டு மாதத்துக்குக் கீழே 60. அவர் உதடு அசைய எண்ணினார். 32 வந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை எண்ணினார்.