ஆண்கள் 14, பெண்கள் 7: கணக்கு எங்கே இடிக்கிறது?

கள ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே ஒரு கணக்கு கொடுப்பேன். 2010 முதல் 2012 வரை பிரிட்டனில் 15,162 பேரிடம் ஒரு பாலியல் ஆய்வு நடந்தது. இதுவரை எதிர்பாலினத் துணைகள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு ஆண்கள் சொன்னதன் சராசரி 14; பெண்கள் சொன்னது 7. ஒவ்வொரு உறவிலும் ஓர் ஆண், ஒரு பெண். அப்படியானால் இரண்டு சராசரியும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தானே வரவேண்டும்?

"யாரோ பொய் சொல்றாங்க" என்று உடனே ஒரு குரல் எழும். பொறுங்கள் என்பேன். பெண்களில் அதிகம் பேர் ஒவ்வொருவராக நினைத்து எண்ணுகிறார்கள். ஆண்கள் பலர் குத்துமதிப்பாக 20, 50 என்று முழு எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். பெரிய எண் சொல்லும் சிலரே சராசரியை மேலே இழுத்துவிடுவார்கள். பாலியல் தொழிலில் இருக்கும் பெண்கள் இத்தகைய ஆய்வுகளில் அவ்வளவாக அகப்படுவதும் இல்லை. இவ்வளவையும் கழித்தாலும் கொஞ்சம் இடைவெளி மிஞ்சும். ஆணுக்குப் பெருமையாக இருப்பது பெண்ணுக்குப் பழியாக இருக்கும் சமூகத்தில் அது மிஞ்சாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எனக்கு அந்த மிச்சம் பிழையாகத் தெரிவதில்லை. நாங்கள் தேடிப் போவதே அதைத்தான்.

அப்புறம், தற்பாலீர்ப்பு கொண்டவர்கள் இத்தனை சதவீதம் என்று செய்தி வந்தால், என்ன கேட்டார்கள் என்று பாருங்கள். 1992இல் அமெரிக்காவில் 3,432 பேரிடம் நடந்த ஆய்வு இதை மூன்றாகப் பிரித்துக் கேட்டது: யாரோடு உறவு கொண்டீர்கள், யார்மீது ஈர்ப்பு, உங்களை நீங்கள் என்னவென்று சொல்லிக்கொள்கிறீர்கள். மூன்றுக்கும் மூன்று விதமான எண்கள் கிடைத்தன. (அந்த ஆய்வுக்கு அரசு நிதி கிடைக்காமல் போனது தனிக்கதை.) எந்தக் கேள்வியின் விடை என்று சொல்லாத சதவீதத்தை நான் நம்புவதில்லை.

கேட்கும் இடமும் முக்கியம். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு நேர்காணல். துணைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் கணவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். "ஒருத்தர்தான்" என்றார் அந்தப் பெண். கணவர் போனதும் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, "மூணுன்னு போட்டுக்கோங்க" என்றார்.

இப்போதெல்லாம் அந்த மாதிரிக் கேள்விகள் வந்ததும் மடிக்கணினியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.