பழம் அரிய ஒரு மடக்குக் கத்தி

நாகர்கோவிலில் கை அறுவைச் சிகிச்சை செய்கிறவன் நான். என்ன கத்தி வாங்கலாம் என்று சொல்வது மருத்துவர் வேலையா என்று சிலர் கேட்கலாம். மடக்குக் கத்தியால் விரலை அறுத்துக்கொண்டு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறவனுக்கு அதில் ஓர் அபிப்பிராயம் உண்டாகிவிடுகிறது. பழம் அரிவதற்கு மெல்லிய, மிகக் கூர்மையான கத்தியாகவே வாங்குங்கள். ஆனால் அதை எடுத்துத் தேங்காய் நெம்பாதீர்கள்.

தேங்காயைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் இருக்கிறது. தேங்காய் சேராத குழம்பு நம் மாவட்டத்தில் அபூர்வம். முறியை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கத்தி முனையைச் சிரட்டைக்கும் பருப்புக்கும் நடுவே செருகி நெம்புவார்கள். எதிர்பாராத நொடியில் பருப்பு விட்டுக்கொடுக்கும். அதுவரை கொடுத்த பலம் முழுவதும் முனையோடு சேர்ந்து உள்ளங்கைக்குள் இறங்கும். உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே குறுக்காக ஓடும் ரேகையிலிருந்து விரலின் நடு எலும்புவரை, விரலை மடக்கும் இரண்டு தசைநாண்கள் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த இடத்தில் தைத்தால் நாண்கள் ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துப்போவது வழக்கமாக இருந்ததால், அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் அதை ஒருவருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றே அழைத்தார். இன்று தைக்கிறோம், நன்றாகவும் வருகிறது. ஆனால் ஏறத்தாழ 6 வாரம் கையைக் காப்புப் பட்டையில் வைத்து, சொல்லிக்கொடுத்த பயிற்சியை மட்டும் செய்ய வேண்டும். பாரம் தூக்க 12 வாரம் ஆகும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை. தேங்காய்க்குத் துருவி இருக்கிறது. சில்லாகத்தான் வேண்டுமென்றால் முறியைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தெடுங்கள், பருப்பு தளர்ந்து எளிதாக விடும்.

கூர்மையான கத்தியைக் கண்டு பயப்படுகிறவர்கள் மொண்ணைக் கத்தியைக் கண்டு பயப்படுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. மொண்ணையான, தடித்த அலகு மாம்பழத்தின் தோலில் முதலில் வழுக்கும், பிறகு ஆப்புப் போலப் பிளக்கும். இரண்டுக்கும் கை பலம் கொடுக்க வேண்டும். பலம் கொடுக்கிற கைக்குக் கத்தியை நிறுத்தத் தெரியாது. மெல்லிய அலகுக்கு இழுத்தாலே போதும்.

எவ்வளவு மெல்லியது? அலகின் முதுகு 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அதைவிட முக்கியம், முதுகிலிருந்து வாய்வரை, அதாவது வெட்டும் விளிம்புவரை, அலகு சீராகச் சரிந்து மெலிந்திருப்பது. முதுகு மெல்லியதாக இருந்தும் வாய்க்கு அருகே தடித்திருக்கும் கத்திகள் ஏராளம், அவை தாளை அறுக்கும், பழத்தில் திணறும். ஒரு கேரட்டை அரிந்து பாருங்கள். அலகு அடிவரை போவதற்கு முன்பே கேரட் படக்கென்று உடைந்தால் அந்தக் கத்தி உங்களுக்கு வேண்டாம். வாய் தீட்டிய சரிவின் கோணம் ஒவ்வொரு பக்கத்துக்கும் 15 முதல் 20 பாகை, அலகின் நீளம் 7 அல்லது 8 சென்டிமீட்டர். ஏத்தன்பழத்துக்கும் கொய்யாவுக்கும் இது தாராளம். முழுச் சக்கைக்கு, அதாவது பலாப்பழத்துக்கு, எந்த மடக்குக் கத்தியும் பற்றாது, வெட்டுகத்தியை எடுங்கள். போர்வீரன் கத்தி போலக் கறுப்புப் பூச்சும் ரம்பப் பல்லுமாக விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை அரிவதற்கு உதவாத இரும்புத் துண்டுகள்.

அடுத்தது பூட்டு. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் செய்யும் பழக்கமான 91 மில்லிமீட்டர் சிவப்புக் கத்தியில் அலகு மெல்லியது, பழத்துக்கு அருமை. ஆனால் வில்லின் அழுத்தம்தான் அலகைப் பிடித்துவைக்கிறது, பூட்டு கிடையாது. முனையால் குத்தினாலோ துளைத்தாலோ அலகு விரல்மேல் மடியும். பிரான்சின் சவோய் பகுதியில் 1890இல் தொடங்கிய ஒப்பினெல் கத்திக்கு 1955இல் ஒரு சுழல்வளையம் சேர்த்தார்கள்; அதைத் திருப்பினால் அலகு மடங்காது. அதன் 8ஆம் எண் கத்தியில் அலகு 8.5 சென்டிமீட்டர். அரிவதற்கென்றே பிறந்த கத்தி அது. வளையத்தைத் திருப்ப மறந்தால் மட்டும் பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். எந்தக் கத்தியானாலும் வாங்கும்போதே விரித்துப் பூட்டி, முதுகை ஒரு மரப்பலகைமேல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். அப்போது அலகு மடியும் பாதையில் விரல் இருக்கக் கூடாது.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. இங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது. மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். உடனே ஈரக் கட்டைவிரலால் இழுப்பார்கள், சிலர் பல்லால்கூட. பிடியை நன்றாக உலரவைத்த பிறகு திறப்பதே வழி. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று கார்பன் எஃகைச் சீக்கிரம் துருப்பிடிக்கச் செய்யும். மாங்காயும் அன்னாசியும் அதைக் கறுக்கவைக்கும். கறுப்பால் தீங்கில்லை, துரு வேறு விஷயம். துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவைக்கப் பொறுமை இல்லாதவர்கள் துருப்பிடிக்காத எஃகையே வாங்குங்கள். மெல்லிய வாயைச் சுழலும் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள், சூட்டில் எஃகின் உறுதி போய்விடும். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் கல் போதும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்க முடியாது, சரக்குப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வெட்டிவிட்டால், சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். விரல் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றுங்கள். காப்பிப்பொடி, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். காயத்துக்குள்ளிருந்து அவற்றைக் கழுவி எடுப்பதற்கே எங்களுக்கு நேரம் போகிறது. பிறகு விரலின் ஒவ்வொரு கணுவும் தனித்தனியே மடங்குகிறதா, நுனியின் இரு பக்கத்திலும் தொடுஉணர்வு இருக்கிறதா என்று பாருங்கள். அரை அங்குலக் காயத்துக்குள் நாணும் நரம்பும் முழுதாக அறுந்திருக்கலாம். மேல்தோலை மட்டும் தைத்துக்கொண்டு, விரல் மடங்கவில்லையே என்று வாரங்கள் கழித்து வருகிறவர்களுக்கு, சுருங்கி உள்ளே போன நாணைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. சிலருக்கு வேறிடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்டவைக்க வேண்டியும் வரும். ஆகவே மடங்காத விரலோ மரத்த நுனியோ இருந்தால் அன்றே வந்துவிடுங்கள், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். காயம்பட்டவருக்குச் சோடா வாங்கிக் கொடுப்பது நம் வழக்கம். மயக்கமருந்து கொடுக்க நேரலாம் என்பதால் வரும் வழியில் அவருக்கு எதுவும் குடிக்கவோ சாப்பிடவோ கொடுக்க வேண்டாம்.