பஸ் எங்கே வருகிறது என்று போனுக்கு யார் சொல்கிறார்கள்?

கூகுள் மேப்ஸில் '4 நிமிடத்தில் பஸ்' என்று பார்த்ததும், கூகுள்தான் அந்த பஸ்ஸைக் கண்காணிக்கிறது என்று தோன்றும். பல ஊர்களில் அப்படியில்லை. பஸ் ஓட்டும் பொதுத்துறை அமைப்பு தகவலைக் கொடுக்கிறது, தனியார் செயலி அதை வாங்கிக் காட்டுகிறது.

இந்தக் கூட்டு அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் தொடங்கியது. காரில் போக இணையத்தில் சுலபமாக வழி கிடைக்கிறது, பஸ்ஸில் போக மட்டும் கிடைக்கவில்லையே என்று அந்நகரின் ட்ரைமெட் போக்குவரத்து அமைப்பில் வேலை பார்த்த பிபியானா மெக்யூ கூகுளை அணுகினார். அங்கே கிறிஸ் ஹாரல்சன் என்ற பொறியாளர் ஏற்கெனவே அதே யோசனையில் இருந்தார். 2005 டிசம்பரில் கூகுள் ட்ரான்சிட் வெளியானது. அப்போது அதில் இருந்த ஒரே நகரம் போர்ட்லண்ட்தான்.

இவர்களின் வேலையிலிருந்து பிறந்ததுதான் ஜிடிஎஃப்எஸ் என்ற தரவு வடிவம். பிரமாதமான தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. நிறுத்தங்களுக்கு ஒரு கோப்பு, தடங்களுக்கு ஒன்று, எந்த பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதற்கு ஒன்று. எல்லாம் காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்புகள். நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு வரும் கடைசி பஸ்ஸை அதில் 25:30 என்று எழுதுவார்கள். அந்த பஸ் முந்தைய நாளின் கணக்கில் ஓடுவதால், தேதி குழம்பாமல் இருக்க இந்த ஏற்பாடு. பஸ் டிப்போவின் நடைமுறை தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லாமல் இப்படியொரு விதி வந்திருக்காது என்பது என் எண்ணம்.

சரி, இது கால அட்டவணை மட்டும்தான். பஸ் தாமதமானால்? அதற்கான நேரடி வடிவம் 2011இல் வந்தது. பஸ்ஸில் உள்ள ஜிபிஎஸ் தன் இடத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகிறது. அங்குள்ள கணினி அதை அட்டவணையோடு ஒப்பிட்டுத் தாமதத்தைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. மூன்றாவது நிறுத்தத்தில் 5 நிமிடம் தாமதம் என்று மட்டும் சொன்னால் போதும்; வேறு தகவல் வரும்வரை, அடுத்த நிறுத்தங்களுக்கும் அதே 5 நிமிடத்தைச் செயலி கூட்டிக்கொள்ளும். 30 நொடிக்கு ஒருமுறையாவது இதைப் புதுப்பிக்க வேண்டும், பஸ் இருக்கும் இடம் 90 நொடிக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது பரிந்துரை.

இந்த வடிவத்தை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டதுதான் இதில் பெரிய விஷயம். ஒரு அமைப்பு தன் கோப்பைப் பொதுவில் வைத்துவிட்டால் மூவிட், சிட்டிமேப்பர் போன்ற போட்டிச் செயலிகளும் அதையே படிக்கலாம். ஒரே நிறுவனத்தோடு தனி ஒப்பந்தம் போட்டிருந்தால் தகவல் அந்த நிறுவனத்துக்குள்ளேயே முடங்கியிருக்கும்.

பலவீனம் அமைப்பின் பக்கம்தான் அதிகம். டிரைவர் வராமல் ஒரு நடை ரத்தானதை யாரும் கணினியில் பதியவில்லை என்றால், அட்டவணை நேரத்தை நம்பும் செயலி வராத பஸ்ஸை வரும் என்றே காட்டிக்கொண்டிருக்கும். பயணி திட்டுவதோ செயலியை. அதைச் சரிசெய்ய முடிந்தவர் டிப்போவில் இருக்கிறார்.