புதுப் பெரிய லேப்டாப்பா? முதல் வாரத்திலேயே உழைக்க வைத்துப் பாருங்கள்

திருப்பூரில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் பனியன் தொழில்காரர்கள். பிரிண்ட் டிசைன் போடுபவர்கள், கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வெட்டுபவர்கள், எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சண்டைசர்கள். முன்பெல்லாம் டிசைனர் மேசைக்கு அடியில் ஒரு சிபியூ பெட்டி கட்டாயம் இருக்கும். இப்போது பலர் அதைக் கழித்துவிட்டு, 17 அல்லது 18 அங்குலத் திரை கொண்ட பெரிய லேப்டாப்புக்கு மாறிவிட்டார்கள். கடைக்காரர்கள் டெஸ்க்டாப் ரீப்ளேஸ்மென்ட் என்று சொல்லி விற்பது இதைத்தான்.

போன மாதம் ஒரு பிரிண்ட் டிசைனர் தம்பி, வாங்கி இரண்டே நாளான 18 அங்குல மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டரை லட்சம் ரூபாய், பாதி இஎம்ஐ. முகம் வெளிறிப் போயிருந்தது.

"அண்ணா, மேல கை வெச்சா சுள்ளுன்னு அடிக்குதுங்க. புது மெஷின்ங்க. போர்டு போயிருச்சுங்களா?"

நான் மெஷினைத் தொடவில்லை. அடாப்டர் வயரின் பிளக்கை எடுத்துப் பார்த்தேன். மூன்று பின் பிளக்கின் தலையில், இரண்டு பின் மட்டும் உள்ள ஒரு வெள்ளை கன்வெர்ட்டர் மாட்டியிருந்தது. வாடகை வீடு, பழைய ஸ்விட்ச் போர்டு, மூன்று பின் நுழையவில்லை. பத்திருபது ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கிச் சொருகிவிட்டார். எர்த் பின் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. அடாப்டருக்குள் மின் இரைச்சலை வடிகட்டச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றின் வழியாக மிகச் சிறிய கசிவு மின்சாரம் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும். எர்த் இருந்தால் அது பேசாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் மெட்டல் மூடியில் வந்து நின்று, நாம் தொடும்போது நம் கை வழியாக இறங்கும். டெஸ்டரை மூடியில் வைத்துக் காட்டினேன், மங்கலாக எரிந்தது. கன்வெர்ட்டரைக் கழற்றி, எர்த் சரியாக உள்ள என் கடை சாக்கெட்டில் சொருகினேன். டெஸ்டர் எரியவில்லை. புறங்கையால் தடவிப் பார்க்கச் சொன்னேன், ஒன்றுமில்லை. "எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பாயிண்டுக்காவது எர்த் இழுக்கச் சொல்லுங்க, ஹவுஸ் ஓனர் தராட்டி உங்க காசுலயே செய்யுங்க" என்றேன். ஒழுங்கான எர்த்தில் சொருகிய பிறகும் அடித்தால்தான் அடாப்டரையோ மெஷினையோ சந்தேகப்பட வேண்டும். அப்போது ஒரு நிமிடம்கூட ஓட்டாமல் வாங்கிய கடைக்கே கொண்டுபோங்கள்.

அதோடு அவரை அனுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. என் மேசைக்கு வருவதெல்லாம் ஏற்கெனவே கெட்டுப்போன மெஷின்கள். அவற்றில் பாதி, முதல் வாரத்தில் யாராவது ஒரு மணி நேரம் பார்த்துச் சொல்லியிருந்தால் என்னிடம் வந்தே இருக்காது. "ஒரு டீ குடிச்சிட்டு உக்காருங்க தம்பி, முழுசாப் பாத்துரலாம்" என்றேன்.

பக்கத்து நூல் கடையில் கோன் நிறுக்கும் எடை மெஷினில் வைத்துப் பார்த்தோம். லேப்டாப் 3.2 கிலோ, அடாப்டர் வயரோடு 1.1 கிலோ. இது தினமும் தோளில் தூக்கிப்போகிற சாமான் இல்லை. மேசையில் இருக்க வேண்டியது, எப்போதாவது இடம் மாறலாம். இன்னொன்றையும் அவருக்குச் செய்தே காட்டினேன். இவ்வளவு பெரிய திரையை ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால் எடை முழுதும் ஒரு பக்கத்துக் கீலில் விழும். பல மாடல்களில் கீலின் ஸ்க்ரூ பிடித்திருப்பது பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைக் குமிழில். நாளடைவில் அது பிய்த்துக்கொண்டு வந்துவிடும். நடுவில் பிடித்துத் திறவுங்கள்.

திரையைப் பார்த்ததும் அவருக்குப் பெருமை. 2560க்கு 1600 பிக்சல், 240 ஹெர்ட்ஸ், நிறமெல்லாம் பளபளவென்று கண்ணைப் பறித்தது. டிசைன் போடுகிறவர்கள் அந்தப் பளபளப்பை அப்படியே நம்பக் கூடாது. பல மெஷின்கள் பெட்டியிலிருந்து வரும்போதே நிறத்தைத் தூக்கிக் காட்டும் மோடில்தான் வரும். அதில் பார்த்து பையருக்கு ஒரு சிவப்பை அனுப்பினால், சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி வேறு சிவப்பாக இருக்கும். நிறத்தை மிகைப்படுத்தாமல் பொது அளவில் காட்டும் எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றி, திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை அணைத்து, அவரிடம் இருந்த பழைய சாம்பிள் துணியைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தோம். அப்போதுதான் இரண்டும் ஒட்டி வந்தன. இவருடையது நல்ல பேனல். 45 சதவீத என்டிஎஸ்சி பேனல், அதாவது குறைவான நிறங்களையே காட்டும் திரை, போட்ட மெஷின்களும் விற்பனையில் இருக்கின்றன. டிசைன் வேலைக்கு அது உதவாது. வாங்கும் முன்பே இந்த எண்ணைக் கேளுங்கள்.

அடுத்ததுதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி.

ஷோரூமில் நாம் பார்ப்பது ஏசி அறையில், சும்மா உட்கார்ந்திருக்கும் மெஷினை. தொட்டால் ஜில்லென்று இருக்கும், எதைத் திறந்தாலும் பட்டென்று திறக்கும். அது அதன் குணம் இல்லை. ஓய்வில் இருப்பவரைப் பார்த்து அவர் எப்படி உழைப்பார் என்று சொல்ல முடியாது. பெரிய லேப்டாப்பின் குணம் அரைமணி நேரம் முழு பாரத்தில், நம் ஊர் வெயிலில், நம் மேசையில் ஓடிய பிறகுதான் தெரியும்.

அவருடைய மெஷினில் இருந்த பிராசசர் இன்டெல் ஐ9 14900ஹெச்எக்ஸ். 24 கோர். இன்டெல் கொடுக்கும் கணக்குப்படி இதன் அடிப்படை மின்தேவை 55 வாட், உச்சத்தில் 157 வாட். பிராசசரை முழு பாரத்தில் ஓட்டும் சினிபெஞ்ச் ஆர்23 என்ற இலவச மென்பொருளில் 10 நிமிடச் சோதனையை ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் வெப்பத்தையும் வாட்டையும் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோவைத் திறந்து வைத்தேன். முதல் அரை நிமிடம் 150 வாட்டுக்கு ஏறியது, வெப்பம் 97 டிகிரி, ஃபேன் இரண்டும் மிக்ஸி போல இரைந்தன. தம்பி பயந்து என்னைப் பார்த்தார். பிறகு வாட் மெதுவாக இறங்கி 95ஐ ஒட்டி நின்றது, வெப்பமும் 88 டிகிரிக்கு வந்தது. பத்து நிமிடமும் அங்கேயே நின்றது.

இது ஆரோக்கியமான மெஷின். 100 டிகிரியைத் தொட்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படித்தான் இந்த பிராசசர் செய்யப்பட்டிருக்கிறது. 90க்கு மேல் காட்டினாலே கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு. ஐந்தாவது நிமிடத்தில் வாட் அடிப்படை அளவான 55க்கும் கீழே விழுந்தால் குளிரூட்டல் போதவில்லை என்று அர்த்தம். எல்லாக் கோரும் 80ல் இருக்க ஒன்றிரண்டு மட்டும் 100ல் நின்றால், சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் பிராசசர் மேல் சமமாக உட்காரவில்லை, அல்லது இரண்டுக்கும் நடுவில் பூசும் பேஸ்ட் சரியாகப் பரவவில்லை. இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, மாற்றித் தரும் கெடு முடியும் முன் கடைக்குப் போங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால், "யூஸ் பண்ணதுல அப்படி ஆயிருக்கும்" என்ற பதில்தான் கிடைக்கும். இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு என் கடைக்கு வந்து கண்கலங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் அவருக்குக் கடையில் சொல்லப்பட்டது, "டெஸ்க்டாப்ல இருக்கற அதே 4080ங்க." இது உண்மை இல்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4080 டெஸ்க்டாப் கார்டு 16 ஜிபி மெமரியோடு 320 வாட் வாங்கும். அதே பெயரில் வரும் லேப்டாப் சிப்பில் 12 ஜிபிதான், அதன் அடிப்படை அளவே 60லிருந்து 150 வாட்டுக்குள் ஒவ்வொரு லேப்டாப் கம்பெனியும் வைத்துக்கொள்வது. ஆக, ஒரே பெயர் எழுதிய இரண்டு லேப்டாப்பில் ஒன்று மற்றதைவிட நன்றாகவே மெதுவாக ஓடலாம். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால், இதில் எத்தனை வாட் வரை போகும் என்று எழுதியிருக்கும். பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தேன். இரண்டு ஸ்லாட்டில் ஒன்றில்தான் ரேம். 32 ஜிபியையும் ஒற்றைக் குச்சியாகப் போட்டிருந்தார்கள். இரண்டு 16 ஜிபியாக இருந்தால் டேட்டா போய்வரும் பாதை இரட்டிப்பாகும். பெரிய பிரிண்ட் ஃபைலைத் திறப்பவருக்கு அது கைமேல் தெரியும். கடையில் மாற்றித் தரக் கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன், மறுநாளே மாற்றித் தந்துவிட்டார்களாம்.

பிறகு சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அவருடைய ஃபைலையே ஏற்றுமதி செய்து பார்த்தோம். சொருகியிருந்தபோது ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது, இப்போது நான்கு நிமிடத்தைத் தாண்டியது. இதுவும் பழுது இல்லை. விமானத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பேட்டரியின் அளவு 100 வாட்-ஹவர், அதாவது 100 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு. அதனால் எவ்வளவு பெரிய லேப்டாப்பிலும் பேட்டரி பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். மெஷின் முழு பாரத்தில் 250 வாட் இழுத்தால் அது அரைமணிகூடத் தாங்காது. ஆகவே பேட்டரியில் ஓடும்போது வேகத்தைத் தானே அடக்கிக்கொள்ளும். கரண்ட் போனால் வேலையைச் சேமித்து வைக்க, மீட்டிங்கில் ஒரு டிசைனைக் காட்ட, அவ்வளவுக்குத்தான் இந்த பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன்வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் அடாப்டர் முனகும், சூடாகும்.

மேசையை விட்டு நகராத லேப்டாப்பில் முதலில் சாவது இந்த பேட்டரிதான். லித்தியம் அயன் செல்லுக்கு ஆகாதவை இரண்டு, முழு சார்ஜில் கிடப்பதும் சூடும். நாள் முழுக்கச் சொருகியே கிடக்கும் பெரிய லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. பேட்டரி உப்பி என்னிடம் வந்த மெஷின்களில் அநேகமாக எல்லாமே இப்படிச் சொருகியே கிடந்தவை. டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, இடுக்கில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கும். கிளிக் விழவில்லை என்று சொல்லித்தான் கொண்டுவருவார்கள். அந்த நிலையில் அழுத்தி மூடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்கவே கூடாது. தீப்பிடிக்கும்.

தடுக்க ஒரு நிமிட வேலை போதும். 80 சதவீதத்தை ஒட்டி சார்ஜை நிறுத்தும் வசதியை லெனோவா, ஏசுஸ், டெல், ஹெச்பி போன்றவர்கள் பல மாடல்களில் தங்கள் செயலியிலோ, மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் பயாஸ் அமைப்பிலோ கொடுத்திருக்கிறார்கள். வாங்கிய அன்றே போட்டுவிடுங்கள். வெளியூர் போகும் முந்தைய இரவு மட்டும் 100க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை பஞ்சு. கட்டிங் டேபிள் உள்ள கட்டடத்தில் ஓடிய லேப்டாப்பை மூன்று மாதம் கழித்துத் திறந்தால், ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு படிந்து கம்பளி போலக் கெட்டியாகியிருக்கும். ட்வீசரால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால், விரல் நீளத் துணித்துண்டு போல மொத்தமாக உரிந்து வரும். அதற்கப்புறம் காற்று எங்கே போகும்? மெத்தை, தலையணை மேல் வைத்து ஓட்டினாலும் இதே கதிதான். பின்பக்கத்தை இரண்டு விரல் அகலம் உயர்த்தி வையுங்கள், அடாப்டரைத் தரையில் பஞ்சுக்குள் போடாதீர்கள். காற்று ஊதும்போது ஃபேன் றெக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

இந்த விலையில் வரும் மெஷின்கள் சிலவற்றில் பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் என்ற திரவ உலோகத்தைப் போட்டிருப்பார்கள். அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். ஒரு சொட்டு போர்டில் வழிந்தாலும் போர்டு போய்விடும். ஆகவே தூசு தட்ட வருகிறவர் ஃபேனோடு நிறுத்திக்கொள்ளட்டும், ஹீட்சிங்கைக் கழற்ற விடாதீர்கள். மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்பதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, அடியில் உள்ள சீரியல் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பார்த்தோம். பில் தேதிக்கு நான்கு மாதம் முன்பே தொடங்கியிருந்தது. பெட்டி கடையில் கிடந்த காலமும் கணக்கில் சேர்ந்துவிட்டது. இது அடிக்கடி நடக்கிறது. பில்லை அனுப்பினால் பொதுவாகத் திருத்தித் தருவார்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். தம்பி என் கடையில் உட்கார்ந்தபடியே பில்லைப் போட்டோ எடுத்து மெயில் அனுப்பினார். ஐந்தாம் நாள் தேதி மாறிவிட்டது.