தகட்டுக்குள் என்ன இருக்கிறது?

யாழ்ப்பாணம் ரவுணில் கடை கட்டுகிறவர்கள் என்னிடம் முதலில் நீட்டுவது நிறப் புத்தகத்தைத்தான். முகப்புக்கு ஏசிபி தகடு, அதாவது இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவே வேறு பொருள் வைத்து ஒட்டிய தகடு, அடிக்கப் போகிறோம், எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று கேட்பார்கள். நிறத்தைப் பிறகு பார்ப்போம், வெட்டிய துண்டு ஒன்று கொண்டுவாருங்கள் என்பேன்.

4 மில்லிமீற்றர் தகட்டில் இரண்டு பக்கமும் இருக்கும் அலுமினியம் ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர், பல வேளை அதிலும் குறைவு. மிச்சமெல்லாம் நடுப்பொருள். மலிவான தகட்டில் அது வெறும் பொலித்தீன். நெருப்புப் பட்டால் உருகி, எரிந்தபடியே சொட்டும். லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரம் 2017 ஜூன் 14 அன்று எரிந்தது ஒரு வீட்டுச் சமையலறையில் பிடித்த தீயால். அதை வெளிச்சுவர் வழியே உச்சிவரை கொண்டுபோனது இந்தப் பொலித்தீன் தகடுதான். 72 உயிர்கள் போயின.

'இங்கே மூன்று மாடிதானே' என்பார்கள். சரி, ஆனால் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி புகைபோக்கி மாதிரித் தீயை மேலே இழுக்கும். பெயர்ப்பலகைக்குப் போகும் வயரும் அநேகமாக அதற்குள்ளேதான் கிடக்கிறது. மேல்மாடியில் ரியூஷன் வகுப்பு நடக்கும் கட்டடங்களைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதறும்.

பழைய கல்வீடுகளில் வேறு தவறு நடக்கிறது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர் மாரியில் ஈரத்தைக் குடித்து, வெயிலில் வெளியே விட்டுவிடும். வலிகாமத்தில் ஒரு வீட்டில் அந்தச் சுவரின்மேல் சீமெந்து பூசி ரைல்ஸ் ஒட்டினார்கள். இரண்டாவது மாரியில் உட்சுவர் உப்புப் பூத்து உதிரத் தொடங்கியது. வெளியே போக வழியில்லாத ஈரம் உள்ளே திரும்பிவிட்டது. கடைசியில் ரைல்ஸைக் கழற்றிச் சுண்ணாம்பே பூசினோம். பழைய சுவருக்கு வருடா வருடம் வெள்ளையடிக்க வேண்டும், அந்தச் சிரமம் உண்மைதான். ஆனால் அதன் குறை கண்ணுக்குத் தெரியும். தகட்டுக்குப் பின்னால் இரும்புச் சட்டம் கடற்காற்றில் துருப்பிடித்தால் யாருக்கும் தெரியாது.

அதனால் விலைமனுவில் நடுப்பொருளின் தரத்தை எழுத்தில் கேளுங்கள். தீ பரவுவதைத் தாமதப்படுத்தும் எஃப்.ஆர் அல்லது அதைவிட மேலான, மிகக் குறைவாகவே எரியும் ஏ2 என்று இருக்க வேண்டும், சோதனை அறிக்கையும் வேண்டும். நடுப்பொருளின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், நிறத்தை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. சட்டத்துக்கு அலுமினியமும் துருப்பிடிக்காத ஆணியும் போடச் சொல்லுங்கள். தகடு அடித்து மூடுவதற்கு முன் ஒருநாள் நீங்களே சாரத்தில் ஏறி அந்தச் சட்டத்தைப் பாருங்கள்.