மடிக்கணினி உயிர்க்காவிட்டால்: போமற் அடிப்பதற்கு முன்

கிளிநொச்சியில் என் திருத்து மேசைக்கு மடிக்கணினி தனியாக வருவதில்லை. கூடவே ஒரு தீர்ப்பும் வருகிறது. "விண்டோஸ் போய்விட்டது தம்பி, போமற் அடித்துத் தாருங்கள்." துணுக்காயிலிருந்து பஸ் ஏறி வரும் ஆசிரியரும் இதையே சொல்கிறார், அறிவியல் நகரிலிருந்து வரும் பொறியியல் பீட மாணவரும் இதையே சொல்கிறார். போமற் அடிப்பது, அதாவது டிஸ்க்கைத் துடைத்துப் புது விண்டோஸ் ஏற்றுவது, எனக்கு மிக இலகுவான வேலை. விரைவில் முடித்து, காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். ஆனால் கணினி ஏன் நின்றது என்று பார்க்காமல் அதைச் செய்தால், உரியவரின் ஆவணங்களை அவருடைய சம்மதத்தோடே அழித்தவனாகிவிடுவேன்.

வன்னியில் அந்த ஆவணங்களுக்கு இருக்கும் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை. 2009 வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, எத்தனையோ குடும்பங்கள் அல்பங்களையும் பத்திரங்களையும் வழியிலே விட்டுவிட்டன. பிறகு கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் உறவினர் தங்களிடமிருந்த பழைய படங்களை அனுப்பினார்கள். காணி உத்தரவுப் பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழையும் யாரோ ஒரு பிள்ளை ஸ்கேன் செய்து வைத்தது. அவை எல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு மடிக்கணினியின் டெஸ்க்டொப்பில் கிடக்கின்றன. வேறெங்கும் பிரதி இல்லை.

ஆகவே கணினி திடீரென்று நின்று, மறுபடி எழும்ப மறுத்தால் முதலில் செய்யவேண்டியது, பவர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதை நிறுத்துவது. அது எப்படி நின்றது, இப்போது என்ன செய்கிறது என்று கண்ணாலும் காதாலும் கவனியுங்கள். ஒரு விளக்கும் எரியவில்லையா? விளக்கு எரிந்து, மின்விசிறி சுற்றி, திரை மட்டும் கறுப்பா? நிறுவனத்தின் சின்னம் வரை வந்து, அதற்கு அப்பால் போகவில்லையா? மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். முதல் இரண்டிலும் விண்டோஸுக்குப் பெரும்பாலும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஒன்றுமே எரியாத கணினியில் சார்ஜரிலிருந்து தொடங்குங்கள். அதே அளவு சார்ஜர் வேறொருவரிடம் இருந்தால் மாட்டிப் பாருங்கள். அதன் முதுகில் எழுதியிருக்கும் வோல்டேஜ் உங்களுடையதோடு பொருந்த வேண்டும். பல கணினிகளுக்கு அது 19 அல்லது 19.5 வோல்ட். டைப்-சி துளை உள்ள புதிய கணினிகளுக்குத் தொலைபேசியின் சிறிய சார்ஜர் பெரும்பாலும் போதாது. சார்ஜர் நன்றாக இருந்தும் கணினி அசையவில்லை என்றால், சார்ஜரைக் கழற்றி, பற்றரி வெளியே எடுக்கக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டுப் பாருங்கள். மதர்போட்டில் (கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகையில்) தேங்கிய மின்னேற்றம் வடிந்ததும் எழும்பிவிட்ட கணினிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதனால் ஒரு கோப்புக்கும் சேதமில்லை.

சார்ஜர் செத்திருந்தால் அது ஏன் செத்தது என்றும் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் குறைந்த வோல்டேஜைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். தோட்டங்களில் நீர் இறைக்கும் மோட்டார்கள் ஓடும்போது மின்கம்பியின் கடைசியில் இருக்கும் வீடுகளில் விளக்கு மங்குவது உண்மைதான். ஆனால் மடிக்கணினிச் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. மங்கலான கரண்ட் அதை இலகுவில் கொல்லாது. கொல்வது, நின்ற கரண்ட் திரும்பி வரும் அந்த நொடி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டபோதும் இதே ஆபத்து இருந்தது. கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றுங்கள்; வந்து சில நிமிடம் கழித்து, விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரோடு ரவுட்டரின் கம்பியையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை நிறுத்துவது மின்னலுக்குப் போதாது. வீட்டில் சில விளக்குகள் மங்கி, சில திடீரென்று பளீரென்று எரிந்தால் அது நியூட்ரல் கம்பி கழன்றதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே மெயின் சுவிட்சை நிறுத்தி மின் விநியோக அலுவலகத்துக்கு அறிவியுங்கள். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் அதைவிட மிக அதிகம் வந்துகொண்டிருக்கலாம்.

திரை மட்டும் கறுப்பாக இருக்கும் கணினியை இருட்டறையில் வைத்து, டோர்ச் லைட்டைத் திரையின்மேல் சரிவாகப் பிடியுங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் கணினி ஓடுகிறது, திரையின் பின்னொளிதான் போயிருக்கிறது. எச்.டி.எம்.ஐ. கம்பியால் தொலைக்காட்சியில் இணைத்தும் இதைச் சோதிக்கலாம். படம் அங்கே வந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் உங்கள் கோப்புகளை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள். கேப்ஸ் லொக் விளக்கோ பவர் விளக்கோ விட்டுவிட்டுச் சிமிட்டினால் எத்தனை முறை, எந்த நிறத்தில் என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். டெல், எச்.பி. போன்ற நிறுவனங்கள் அந்தச் சிமிட்டல்களுக்கு அர்த்தம் வைத்திருக்கின்றன. எனக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பல வேளைகளில் குற்றவாளி, கணினியின் தற்காலிக நினைவகமான ராம் அட்டை. அதைக் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டினாலே கணினி எழும்பிவிடும்.

தொடங்கிச் சிறிது நேரம் நன்றாக ஓடி, பிறகு எச்சரிக்கையே இல்லாமல் பொத்தென்று அணையும் கணினிகள் வேறு வகை. அவற்றைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சி. மின்விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே, கிரவல் வீதியின் செம்மண் தூசியும் துணி நூலும் சேர்ந்து, விரலால் உரித்து எடுக்கக்கூடிய ஒரு போர்வையாகப் படிந்திருக்கும். மின்விசிறி முழுவேகத்தில் சுற்றினாலும் காற்று வெளியே வராது. புரொசசரின் வெப்பம் 100 பாகையை நெருங்கியதும், கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைகிறது. இதற்கு விண்டோஸ் மாற்றிக் கொடுத்தால் புது விண்டோஸும் அதே வெப்பத்தில் அணையும். கட்டிலிலும் மெத்தையிலும் வைத்து இயக்காதீர்கள்.

அணையும் கணினியின் தொடுபலகை மேலே தள்ளிக்கொண்டு வந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ பற்றரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜ் செய்யாதீர்கள், அமுக்கி மூடாதீர்கள், குத்தாதீர்கள். லிதியம் பற்றரி தீப்பிடித்தால் தண்ணீர் வாளியோடு ஓடி அணைத்துவிடலாம் என்று நம்பவேண்டாம். அந்தக் கணினியைச் சிமெந்துத் தரையில், எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாமல் வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இனி, சின்னம் வரை வந்து நிற்கும் கணினி. எனக்கு மிகுந்த கவலை இங்கேதான்.

இதில் மென்பொருள் கோளாறும் உண்டு. பாதியில் நின்ற அப்டேட் விண்டோஸைக் குழப்பலாம். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் சிக்கி நின்றன. அவற்றின் வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. அத்தகைய கோளாறுக்கு வழி இருக்கிறது. சின்னம் தெரியும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி மூன்று முறை தொடர்ந்து நடந்தால் விண்டோஸ் தன் திருத்தும் திரையைத் தானே காட்டும். அங்கிருந்து, அத்தியாவசியமானவற்றை மட்டும் கொண்டு விண்டோஸ் ஓடும் சேஃப் மோடுக்குப் போகலாம், கடைசி அப்டேட்டை நீக்கலாம். அதே திரையில் ரீசெட் என்றொரு தெரிவும் இருக்கும். "எல்லாவற்றையும் நீக்கு" என்ற பொருளில் வரும் எதையும் தொடாதீர்கள்.

ஆனால் இந்த முயற்சிகளுக்கு முன் கணினியில் காதை வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் "டிக், டிக்" என்று ஒரே சீராகத் தட்டும் ஒலியோ, உராயும் ஒலியோ கேட்டால் அதோடு நிறுத்துங்கள். வாசிக்கும் முனை தட்டில் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. மறுபடி இயக்கும் ஒவ்வொரு முறையும் சேதம் பெருகக்கூடும்.

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அப்படிப்பட்ட ஒரு கணினியைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். வீட்டில் மகன் அதை நாள்தோறும் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு ஒரு கடையில் புதிய விண்டோஸ் ஏற்ற முயன்று, பாதியில் நின்றதும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, என் கணினியில் இணைத்து, லினக்ஸில் இயங்கும் டி.டி.ரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால் வாசிக்க விட்டேன். அது நல்ல பகுதிகளை முதலில் பிரதி எடுத்துவிட்டு, பழுதான பகுதிகளுக்குக் கடைசியில்தான் திரும்பிவரும். இரவு முழுவதும் ஓடியது. படங்கள் வந்தன, எல்லாம் முழுதாக அல்ல. அவர் தேடி வந்தது கணவரின் ஒரே படம். முகம் இருந்தது, தோளுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் முழுப்படமும் வந்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். அதன்மேல் விண்டோஸ் ஏற்றாமல் இருந்திருந்தால் கூடுதலாக வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதனால்தான் பழுதான டிஸ்க்கில் "செக்டிஸ்க்" ஓடவிடுவதையும் நான் எதிர்க்கிறேன். பல காணொளிகள் அதை முதல் வைத்தியமாகச் சொல்கின்றன. அது டிஸ்க் முழுவதையும் கிளறி, அதன்மேலேயே எழுதித் திருத்தப் பார்க்கும் கருவி. கோப்புகளை வெளியே எடுத்த பிறகு ஓடவிடுங்கள். எடுப்பதற்கு முன் வேண்டாம்.

சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. சத்தம் போடாது. நேற்று ஓடியது இன்று பயோஸ் (விண்டோஸுக்கு முன் கணினியை எழுப்பும் நிரல்) பட்டியலிலேயே இருக்காது. அதில் போமற்றின் விளைவும் கடுமையானது. ஹார்ட் டிஸ்க்கை அவசரமாகப் போமற் அடித்தாலும், அதன்மேல் வேறு எதுவும் எழுதாதவரை கோப்புகளை மீட்க வழி உண்டு. எஸ்.எஸ்.டி.யில், அழிந்ததாகக் குறிக்கப்பட்ட இடங்களை ட்ரிம் என்ற ஏற்பாடு துப்புரவாக்கிவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் பெரும்பாலும் பயன் இல்லை.

விண்டோஸ் 11 உள்ளவர்கள் இன்றே பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. அதன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி மைக்ரோசொஃப்ட் கணக்கோடு தொடங்கினால், பல கணினிகளில் டிஸ்க் பிட்லொக்கர் என்ற பூட்டால் தானாகவே பூட்டப்படுகிறது. மதர்போட்டை மாற்றினாலோ, சில வேளைகளில் பயோஸைப் புதுப்பித்தாலோ, 48 இலக்கங்கள் கொண்ட பிட்லொக்கர் மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். வாங்கிய அன்று விற்றவர் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கித் தந்திருந்தால் அவருடைய கணக்கில் இருக்கும். சாவி இல்லாமல் என்னாலும் திறக்க முடியாது, கொழும்பிலும் திறக்க முடியாது. கணக்கைத் திறந்து சாவி இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி, கணினிப் பையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.

பிரதி எடுத்துவைப்பதற்குப் பெரிய செலவு இல்லை. படங்களையும் பத்திரங்களையும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும், இன்னொரு பென் டிரைவிலுமாக இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். மின்னலும் வெள்ளமும் ஒரு வீட்டிலிருப்பதை மொத்தமாகக் கொண்டுபோகும். அத்தியாவசியமான சில பத்திரங்களை உங்கள் கூகுள் கணக்கிலும் ஏற்றிவிடலாம். இணையச் செலவு அதிகம் வராது.

போமற் அடித்தபின் வரும் ஒரு பதற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதங்களும் வினாத்தாள்களும் புதிய விண்டோஸில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பாமினியை மறுபடி நிறுவுங்கள், எல்லாம் அப்படியே வரும்.

திருத்துபவரிடம் போகும்போது சார்ஜரையும் கொண்டுபோங்கள். கடைசியாக என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்: தேநீர் கொட்டியதா, பிள்ளை கீழே போட்டதா, இடி விழுந்ததா. தேநீரை மறைத்தால் நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பேன், உள்ளே அரிப்பு பரவிக்கொண்டிருக்கும். டிஸ்க்கில் இருப்பவற்றுள் எது முதலில் வேண்டும், எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதை எழுதிக் கொடுங்கள். "டிஸ்க்கில் கை வைக்கும் முன் பிரதி எடுப்பீர்களா, அதற்கு எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள். தேவையில்லை என்று சொல்பவரிடம் கணினியைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.